பிள்ளைமடுவத்துப் படிகள்

2024 ஜூலை 28, ஞாயிறு

கச்சான் காற்று. கூரைத் தகரம் பகல் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கல் ஏற்றச் சொன்னார் அம்மா. ஏறி வைத்துவிட்டு இறங்கினேன். அடிப்பது நிற்கவில்லை.

பேராதனையில் பட்டம் முடித்து வந்து ஒரு வருடம். பட்டதாரி நியமனம் வரும் என்கிறார்கள். புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. தோட்டத்து லயத்தில் எங்களுக்கு ஒரே காம்பரா; அவற்றுக்கு வேறு இடமில்லை.

அக்கா துணி துவைக்க ஆற்றுக்குப் போனாள். துவைக்க இரண்டு துணிதான் இருந்தது. திரும்பி வர மதியமாகிவிட்டது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும்.

ஆற்றுக்கு மேலே, சவுக்கு மரங்களுக்குக் கீழே ஒரு சரிவு இருக்கிறது. அதற்குப் பெயர் இல்லை. பெரியவர்களைப் புதைக்கும் இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அதற்கு வாசல் உண்டு, வேலி உண்டு. இந்தச் சரிவு பல் முளைக்காமல் போன பிள்ளைகளுக்கு. தப்பு மேளம் அடிப்பதில்லை. கருமாதி இல்லை. குழிமேல் ஒரு கல் வைப்பார்கள், அவ்வளவுதான். எந்தக் கல் யாருடையது என்பது பெற்றவளுக்குத் தெரியும். அந்த இடத்தைப் பற்றி வாயைத் திறந்தால் அடுத்த பிள்ளையும் தங்காது என்பார்கள். அதனால் யாரும் பேசுவதில்லை. வெளியாள் பார்த்தால் புல்லும் கல்லும் கிடக்கும் சும்மா ஒரு சரிவு.

அக்காவின் பிள்ளை போனது மே மாதம். ஒன்பது நாள் இருந்தது. மச்சான், அக்காவின் புருஷன், ஆற்றில் இறங்கி, வெள்ளைக் கோடு ஓடிய தட்டைக் கல் ஒன்றைத் தேடி எடுத்து வந்து வைத்தார். பிறகு கொழும்புக்கு, கடை வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள் அக்கா தனியாகப் போய்த் தன் பாலைப் பீய்ச்சி அந்தக் கல்மேல் ஊற்றினாள். எனக்கு மட்டும் தெரியும். பின்னால் போயிருந்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

பண்டாரவளையிலிருந்து பாஸ்டர் கிருஷ்ணராஜ் வந்தார். சின்னச் சபை அவருடையது. கொரியாவிலிருந்து சபை ஆட்கள் பத்து நாள் ஊழியத்துக்கு வருகிறார்களாம். பிள்ளைமடுவத்துக்குக் கல் படி கட்டப் போகிறார்களாம். அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும்.

“நீங்க கோயிலுக்குப் போறவங்கன்னு தெரியும் தங்கச்சி. ஜெபத்துக்கு வரணும்னு இல்ல. பேச்சுக்கு மட்டும் வந்தாப் போதும்.”

சரி என்றேன்.

படி வேண்டியதுதான். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் பிள்ளைமடுவம். அதற்கு ஏறும் பாதை வெறும் மண். போன மழைக்குப் பக்கத்துக் காம்பரா இராக்கம்மா அத்தை பேரப்பிள்ளையோடு வழுக்கி விழுந்தார். பிள்ளையை மேலே தூக்கிப் பிடித்ததால் மணிக்கட்டு முறிந்தது. தோட்ட நிர்வாகம் கல்லும் தரவில்லை, ஆளும் தரவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் மேலங்கி. தேயிலைக்கு நடுவே தூரத்திலிருந்தே தெரிகிறது.

தலைவர் ஒரு மூப்பர், வயது அறுபது இருக்கும். பெயர் ஓ. அவ்வளவுதான் பெயர். லயத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஓ!” என்று கூப்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள். அவரும் “ஓ!” என்று திருப்பிக் கத்துகிறார்.

அவர் கொரிய மொழியில் சொல்வதை ஹேஜின் ஆங்கிலத்தில் சொல்கிறாள். அதை நான் தமிழில் சொல்கிறேன். ஹேஜின் தாதிப் படிப்பு மாணவி, என் வயது. ஒரு வாக்கியம் இரண்டு பெண்களைத் தாண்டி வருவதற்குள் மெலிந்துபோகிறது.

இராக்கம்மா அத்தை கேட்டார்:

“சீனாக்காரப் புள்ளைகளா?”

“கொரியா அத்தை.”

“நம்ம கஜேந்திரன் வேலைக்குப் போறேன் போறேன்னு பரீட்ச எழுதி எழுதி பெயிலாகுறானே, அந்த ஊரா? அவன்தான் போகக் காணோம். அவங்க இங்கன வந்துட்டாங்க பாரு.”

அக்காகூடச் சிரித்தாள். கஜேந்திரன் அவள் புருஷன் அல்லவா. மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

விளையாட்டு மைதானத்தில் ஜெபம். பாட்டு, பிஸ்கட், பலூன். மூப்பர் பேசினார். தொழில் நொடித்துப்போனது, குடித்தது, பிறகு மீண்டது. கடைசியில் சொன்னதை நான் மைக்கில் சொன்னேன்: “நீங்கள் இழந்ததை அவர் திரும்பத் தருவார்.”

தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் அக்கா வாளியோடு நின்றிருந்தாள். சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

வீட்டில், ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டாள்.

“அது நீ சொன்னதா, அவர் சொன்னதா?”

“அவர் சொன்னதுதான்.”

“ம்.”

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

குரல் என்னுடையது. சொல் அவருடையது. இது ஒரு சாக்கா?

ஆகஸ்ட் 5, திங்கள்

மூப்பருக்கு வேலை தெரிகிறது. கயிறு கட்டி, மண்ணை வெட்டி, கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுகிறார். மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனால் சோம்பல் இல்லை. ஹேஜின் வெறுங்கையால் சிமெந்து குழைக்கிறாள். கையுறை போடச் சொன்னேன். கிழிந்துவிட்டதாம்.

மாலையில் அவளும் நானும் ஆற்றுக்கு இறங்கினோம். சவுக்கு மரங்களைக் காட்டிக் கேட்டாள்.

“அங்கே என்ன இருக்கிறது?”

சொல்லலாம். ஆங்கிலத்தில் அதற்குச் சொற்கள் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தைப் பற்றி நான் தமிழிலேயே யாரிடமும் பேசியதில்லை. அக்காவிடம்கூட இல்லை.

“ஒன்றுமில்லை. வெறும் இடம்.”

அழகாக இருக்கிறது என்றாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கல் போதவில்லை. ஹல்துமுல்லையிலிருந்து வர வேண்டிய கல் லொறி வரவில்லை. நாளை என்கிறார்கள், பிறகு மறுநாள் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை இவர்கள் போய்விட வேண்டும். மூப்பர் பாதிப் படியில் உட்கார்ந்து மேலே பார்க்கிறார், கீழே பார்க்கிறார். அரைகுறையாக விட்டுவிட்டுப் போனால் தூக்கம் வராது என்று ஹேஜின் வழியாகச் சொன்னார். நான் அதை யாருக்குத் தமிழில் சொல்வது? நானே கேட்டுக்கொண்டேன்.

அவர்களில் ஒரு பையனுக்குக் காய்ச்சல். நாளை பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாஸ்டர் வான் ஓட்டுவார். பேச நான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

பையனுக்கு டெங்கு இல்லை. நல்ல செய்தியோடுதான் திரும்பினோம். வான் வளைவில் ஏறும்போதே பார்த்தேன். படிகள் முடிந்திருந்தன. அடியிலிருந்து பிள்ளைமடுவத்து வாசல் வரைக்கும். மஞ்சள் மேலங்கிகள் எல்லாம் மேலே நின்று கை தட்டின. லயத்துப் பிள்ளைகளும் தட்டினார்கள்.

“லொறி வந்துவிட்டதா?” என்று கேட்டேன்.

இல்லை என்றாள் ஹேஜின். அவள் முகம் முழுக்கச் சந்தோஷம். “உன்னுடைய வெறும் இடம்! அங்கே எவ்வளவு கல். எல்லாம் நல்ல தட்டைக் கல். நான்தான் ஞாபகப்படுத்தினேன்.”

பிள்ளைகளும் கூடச் சேர்ந்து வரிசையாக நின்று கைமாற்றியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? அவர்களிடமும் யாரும் சொன்னதில்லை. பெண்கள் எல்லோரும் தூரத்து மலையில் கொழுந்தில். லயத்தில் தடுப்பதற்கு ஒருவர் இல்லை. தடுத்தாலும் எந்த மொழியில்?

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். முகம் அப்படி ஏதோ செய்தது.

கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். படிக்குக் கீழே நின்றுவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஒருத்தி தலையில் கட்டிய துணியை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டாள். இராக்கம்மா அத்தை குனிந்து முதல் படியை விரலால் தொட்டுப் பார்த்தார். அத்தைக்கும் அங்கே ஒன்று உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முப்பது வருடமாகப் பக்கத்துக் காம்பரா.

“வந்த புள்ளைக. தெரியாமச் செஞ்சதுக” என்றார் அத்தை. “நாளன்னைக்குப் போகப்போறதுக. வாயத் தொறக்காதீங்கடி.”

அக்காவைக் காணவில்லை. சரிவுக்கு ஓடினேன்.

மண்ணில் குழி குழியாக இருந்தது, கல் இருந்த அச்சு மட்டும். புல் முழுக்க மிதிபட்டிருந்தது. அக்கா நின்று எதையோ அளக்கிறவள்போல மரத்தைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள்.

“இங்கதான் தனு. இந்த மரத்துலேருந்து... இல்ல, அந்த மரம். இங்க. இல்லயே—”

அவளுக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கு மட்டும் தெரிந்தது, இப்போது அவளுக்கும் தெரியவில்லை.

பிறகு என் கையைப் பிடித்தாள்.

“சிமெந்து இன்னும் ஈரமாத்தான் இருக்கு. இப்பவே சொன்னா எடுத்துரலாம். எங் கல்ல எனக்குத் தெரியும். வா. நீ சொல்லு அந்தப் புள்ளகிட்ட.”

“சொல்றேன் அக்கா.”

“நான் சொல்றத அப்படியே சொல்லு. நீயா எதயும் மாத்தாத.”

“மாத்தல.”

ஹேஜின் பைப்படியில் இருந்தாள். அக்கா அவள் முன்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. ஹேஜின் எழுந்து, அவர்கள் வழக்கப்படி தலை குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்தாள். கைகளை ஈரம் சொட்ட முன்னால் பிடித்திருந்தாள். சிமெந்து தின்ற கை. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்து, இரண்டு இடத்தில் இரத்தம்.

அக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். முதல் ஆங்கில வார்த்தை என் நாக்கில் தயாராக இருந்தது.

“வலிக்குதான்னு கேளு” என்றாள் அக்கா.

“அக்கா...”

“கேளு தனு.”

கேட்டேன். மாற்றாமல், அப்படியே.

இல்லை, கொஞ்சம்தான் என்றாள் ஹேஜின். அக்கா வீட்டுக்குப் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து அவள் கையில் தடவினாள். ஒவ்வொரு விரலாக. ஹேஜின் அழுதுவிட்டாள். அன்பினால் என்று நினைத்தாள். அன்புதான். வேறு என்ன பெயர் அதற்கு?

இன்று காலை சிமெந்து இறுகிவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

போய்விட்டார்கள். வானுக்குள்ளிருந்து பாடிக்கொண்டே போனார்கள். நன்றியுரையை நான்தான் தமிழில் சொன்னேன். மூப்பர் படியைக் கும்பிடுவதுபோல ஒரு கை வைத்து, “இனி ஒரு குழந்தையும் விழாது” என்றார். சொன்னேன்.

ஆகஸ்ட் 10, சனி

யாரும் படியில் ஏறவில்லை. நன்றாகக் காயட்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மச்சான் கொழும்பிலிருந்து வந்தார். தேத்தண்ணி குடிக்கவில்லை. பக்கத்து லயத்தில் இரும்பு அலவாங்கை வாங்கிக்கொண்டு நேரே படிக்குப் போனார். அக்கா பின்னால் ஓடினாள்.

“நான் ஆத்துல எறங்கி எடுத்த கல்லு. எனக்குத் தெரியாதா? வெள்ளக் கோடு.”

“கோடு கீழயா மேலயான்னு யாரு கண்டா?”

மூன்றாம் படியின் ஓரத்தில் குத்தினார். சிமெந்து தெறித்தது. ஒரு கல்லின் மூலை உடைந்து விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தார். கோடு இல்லை. வேறு யாருடையதோ.

இரண்டு பேரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே பிள்ளைமடுவத்து வாசலில் இராக்கம்மா அத்தை வந்து நின்றார்.

“விடுங்க” என்றாள் அக்கா. “ஒங்க கல்லத் தேடுறதுக்கு எல்லாத்தோடதயும் ஒடைக்கப் போறீங்களா?”

மச்சான் அலவாங்கைக் கீழே போட்டார். அந்தத் துண்டை உடைந்த இடத்திலேயே வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒட்டிவிடும் என்று நினைத்தாரோ? வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 14, சனி

ஹேஜின் படம் அனுப்பியிருக்கிறாள். அவர்கள் சபைச் சுவரில் பெரிதாக்கி மாட்டிய புகைப்படம். மஞ்சள் மேலங்கிகள், லயத்துப் பிள்ளைகள், படிகள். எல்லோரும் விரலால் வெற்றிக்குறி காட்டுகிறார்கள். ஓரத்தில் நானும். காட்டுகிறேன்.

படிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டிருக்கிறாள்.

பதில் போடவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

படிக்குப் பக்கத்தில் புல் படுத்துவிட்டது. இரண்டு வாரம் போனால் பாதை.

அக்கா அந்த வழியாகத்தான் போய்வருகிறாள். எது தன்னுடையது என்று தெரியாததால் எதையும் மிதிப்பதில்லை. முதலில் அவள் மட்டும். பிறகு அத்தை. பிறகு எல்லோரும். யாரும் பேசி முடிவு செய்யவில்லை. பிள்ளைகள் ஏறப்போனால் பின்னாலிருந்து ஒரு கை வந்து தோளைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளுகிறது. ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பதில் இல்லை.

அந்தச் சரிவுக்கு இப்போது யாரும் போவதில்லை. அக்காவுக்கும் ஆற்றில் வேலை குறைந்துவிட்டது.

அக்டோபர் 9, புதன்

தோட்டத்து ஒப்பீசிலிருந்து பலகை அடித்திருக்கிறார்கள். ‘படியைப் பாவிக்கவும்.’ மண் அரிக்கிறதாம். இராசையா கங்காணி ஆணியடிக்கும்போது படிக்கு வெளியே நின்றுதான் அடித்தார். கை எட்டவில்லை. ஆனாலும் படியில் கால் வைக்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

ஹேஜினிடமிருந்து மறுபடியும். ஜனவரியில் வருகிறார்களாம், இன்னும் பெரிய குழு. ஆற்றுக்கு இறங்கவும் படி கட்டலாமா என்று மூப்பர் கேட்கிறாராம். கல் அங்கேயே கிடைக்குமா?

எழுதினேன். அழித்தேன். நீளமாக எழுதினால் அவளைக் குற்றம் சொல்வதுபோல் வருகிறது. சுருக்கினால் நான் தப்பிப்பதுபோல் வருகிறது. அத்தை வாயைத் திறக்காதே என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவிடம் கேட்டேன். “அந்தப் புள்ளக்கிச் சொல்லவா?”

கூந்தலைக் கட்டிக்கொண்டிருந்தாள். கொண்டை போட்டு முடித்தாள்.

“சொல்லு” என்றாள் கடைசியில். “திரும்ப வந்து மிச்சம் கெடக்கறதயும் எடுத்துறப் போவுதுக. ஆனா அழ வைக்காத.”

அழ வைக்காமல் எப்படிச் சொல்வது?

அனுப்பியது இவ்வளவுதான்: நான் வெறும் இடம் என்று சொன்னது பொய். அங்கே எங்கள் குழந்தைகள் இருக்கிறார்கள். கல் அவர்களுக்காக வைத்தது. அக்காவின் குழந்தையும் அங்கே. நீ கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

அக்டோபர் 21, திங்கள்

பதில் வந்தது. கேள்விதான்.

“அன்று மாலை உன் அக்கா வந்தது இதைச் சொல்லவா?”

ஆமாம் என்று எழுதினேன்.

நெடுநேரம் கழித்து இன்னொன்று.

“என் கையைப் பற்றித்தான் கேட்டார்.”

அதன்பிறகு ஒன்றும் இல்லை. ஜனவரிக் குழு மொனராகலைப் பக்கம் போகிறது என்று பாஸ்டர் சொன்னார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. அவரிடமும் சொல்ல வேண்டும். இன்று முடியவில்லை.

நவம்பர் 20, புதன்

மழை தொடங்கி ஐந்து நாள். மலைகள் தெரியவில்லை.

காலையில் அக்கா இராக்கம்மா அத்தையின் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைமடுவத்துக்கு ஏறினாள். அத்தைக்குக் குளிரில் மணிக்கட்டு நோகிறது. குடை பிடிக்க நானும் கூடப் போனேன். மண் பாதை சேறாகிக் கிடக்கிறது. பக்கத்தில் படிகள் மழையில் கழுவுண்டு, கறுப்பாக, சுத்தமாக இருக்கின்றன. அவற்றின்மேல் ஒரு கால் அடையாளம் கிடையாது.

பாதி வழியில் அக்கா வழுக்கினாள். பிள்ளையை மார்போடு அணைத்தபடி ஒருபக்கமாகச் சாய்ந்தாள். விழுந்தாள் என்றே நினைத்தேன். விழவில்லை. மற்றக் கை படிக்கல்லைப் பிடித்திருந்தது.

முதலில் அவளே அதைப் பார்த்துத் திகைத்தாள். பிறகு எடுத்துவிடுவாள் என்று இருந்தேன். எடுக்கவில்லை. ஈரக் கல்லின்மேல் கை விரித்தபடி இருந்தது. பிள்ளை அவள் தோளில் ஏதோ முணுமுணுத்தது.

அப்போதுதான் கவனித்தேன், படிகளின் ஓரம் நெடுக, மழை நேராக விழாத பக்கவாட்டில், சேற்றுக் கை பதிந்திருந்தது. சின்னதும் பெரிதுமாக. இந்த மழையில் ஏறியவர்கள் எல்லோரும் பிடித்திருக்கிறார்கள்.

“போவமா அக்கா?”

“கொஞ்சம் இரு.”

குடையை அவள்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.